நிறுத்தின குரல்

ஒரே மாதிரி எழுதிவிட்டு இரண்டு மாதிரி படிக்கச் சொல்கிறவனை என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால், எண்ணூர் நெடுஞ்சாலை ட்ரெய்லர் க்யூவில், சித்திரை வெயிலில், ஒரு பகல் முழுக்க உட்கார வைக்கலாம். அப்போது தெரியும் அவனுக்கு.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இங்கிலீஷ் எழுத்தின் மேலெல்லாம் கோபம் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. எல்லாம் என் பொண்டாட்டி மகிழினியால் வந்தது.

நான் பீம்ராவ். கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். மாத்தூர் பக்கம் ஒரு யார்டு. அங்கிருந்து துறைமுகத்துக்கும், துறைமுகத்திலிருந்து யார்டுக்கும் பெட்டி இழுப்பதுதான் வேலை. மகிழினி அதே யார்டில் செக்கர். வருகிற பெட்டியின் நம்பரைப் பார்த்து, சீல் பார்த்து, எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று கை காட்டி அனுப்புகிறவள். ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையுமாக நடுவில் நின்று அவள் கையைத் தூக்கினால், அவ்வளவு பெரிய வண்டியும் அடங்கி நிற்கும். பார்க்கவே சோக்காக இருக்கும். நான் பார்த்து விழுந்ததே அந்தக் கையில்தான்.

எங்கள் யார்டில் ஒரு கட்டு உண்டு. எந்த போர்டிலும் எழுதி மாட்டியிருக்காது. நிறுத்தச் சொன்னவர்தான் எடுக்கவும் சொல்ல வேண்டும். ஒருத்தர் கை காட்டி நிறுத்திய வண்டியை வேறு யார் வந்து 'வா வா' என்றாலும் டிரைவர் எடுக்க மாட்டான். முன்னே ஒருமுறை, ரிவர்ஸில் வந்த வண்டியை ஒருவன் நிறுத்தினான். விஷயம் தெரியாத இன்னொருவன் மறுபக்கம் நின்று வரச் சொன்னான். நடுவில் இருந்த எங்கள் ஆளுக்கு ஒரு கால் போயிற்று. அதிலிருந்து இந்தக் கட்டு. முதலாளி என்ன, முதலாளியின் அப்பா வந்து சொன்னாலும் மாறாது.

சரி, கதைக்கு வருகிறேன். மகிழினிக்கு இழுப்பு வந்துவிட்டது. யார்டுப் புழுதியும் மணலி ஃபேக்டரிக் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? மாடிப்படி ஏறினால் நெஞ்சில் விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வளவளவென்று பேசவில்லை. "புழுதியில நிக்கவே கூடாது. வேலைய மாத்துங்க, இல்லன்னா விட்டுடுங்க" என்று சொல்லி வாயில் அடித்துக்கொள்கிற மருந்துப் பம்பு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். "வுட்டுத் தொலை மகி, நான் கீறேன்ல" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"வூட்ல குந்திகினு இன்னாய்யா பண்ணுவேன்? செவுத்தயா செக் பண்ணுவேன்? அந்த யார்டுல எந்தப் பெட்டி எங்க கீதுன்னு கண்ண மூடிகினு சொல்லுவேன் நானு."

உண்மைதான். சொல்வாள்.

அப்போதுதான் கண்ட்ரோல் ரூமில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவர் வேலையை விட்டுப் போனார். மாடியில் கண்ணாடி ரூம், ஏசி, புழுதி எட்டிப் பார்க்காது. மானேஜர் தாமஸ் சார் நல்ல மனுஷன்தான், ஆனால் கண்டிப்பு. "இனிமே ஃபாரின் கம்பெனிக்காரங்க வந்து பாப்பாங்க. பாதுகாப்பு அறிவிப்பு மொத்தமும் இங்கிலீஷ்ல தெளிவா படிக்கணும். யார் வேணா வரலாம். டெஸ்ட் வச்சுதான் எடுப்பேன்" என்று சொல்லி, படிக்க வேண்டிய காகிதத்தை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார். மகிழினிக்கு அந்த ரூம் கிடைத்தால் வேலையும் இருக்கும், மூச்சும் இருக்கும். கிடைக்காவிட்டால் மாதம் முடிந்ததும் வீடுதான்.

அவள் கார்ப்பரேஷன் ஸ்கூலில் பன்னிரண்டாவது வரை படித்தவள். கண்ணால் இங்கிலீஷ் எவ்வளவு வேண்டுமானாலும் படிப்பாள். காதால்தான் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். லீட் பேட்டரி பெட்டிகளைத் தனியாக வை. லிவ் வயரைத் தொடாதே. நான் கை தட்டினேன். சந்தேகத்துக்கு போன் டிக்‌ஷனரியில் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாள். அது 'லெட்' என்றது. 'லைவ்' என்றது.

"இன்னாய்யா இது? எல், ஈ, ஏ, டி. முன்னால போற வண்டின்னா லீட். ஈயம்னா லெட்டாம்."

"போன் கலீஜாயிடுச்சு, வுடு" என்றேன்.

போன் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது எழுத்துதான். அந்தக் காகிதம் முழுக்க அதே கூத்து. காற்று என்றால் விண்ட், கயிற்றைச் சுற்று என்றால் வைண்ட். எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. கண்ணீர் என்றால் டியர், தார்ப்பாய் கிழிந்தால் டேர். நிமிஷம் மினிட், பொடிப்பொடியான ஓட்டை என்றால் மைன்யூட். வேலை செய்ய மறுத்தால் ரெஃப்யூஸ் அல்ல, ரிஃப்யூஸ். ரெஃப்யூஸ் என்றால் குப்பையாம். 'க்ளோஸ்' இருக்கிறதே, அது இன்னும் மோசம். கிட்டே நிற்காதே என்னும்போது சும்மா முடிக்கலாம். கதவை மூடு என்றால் கடைசியில் வண்டு மாதிரி ரீங்காரம் வேண்டும்.

"வெள்ளக்காரன் வூட்ல எழுத்துக்கு அவ்ளோ பஞ்சமா? ஊரெல்லாம் சுருட்னானே, ரெண்டு எழுத்து சேத்து சுருட்டிகினு போறதுதான?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

மகிழினி கத்தவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"சும்மா கூவாத. நம்மளுது மட்டும் இன்னா யோக்கியமா? பானாவுக்குக் கால் போட்டு, வானா, இம்மு எய்து பாப்போம். அய்யோ பாவம்னாலும் அதான். டான்ஸ் ஆடுறவங்க மூஞ்சில காட்ற பாவம்னாலும் அதான். ரெண்டும் ஒரே மாரியா சொல்ற?"

சொல்லிப் பார்த்தேன். ஒன்று உதட்டோடு நின்றது, இன்னொன்று வயிற்றிலிருந்து வந்தது. அடேங்கப்பா! இத்தனை வருஷம் பேசுகிற பாஷையில் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"அப்போ நமக்கு மட்டும் எப்டி தப்பில்லாம வருது?"

"அந்த வார்த்தய பாத்து சொல்றதில்லய்யா. பக்கத்துல யாரு குந்திகினு கீறாங்கன்னு பாத்து சொல்றோம். அய்யோ பக்கத்துல இருந்தா அந்த பாவம், மூஞ்சி பக்கத்துல இருந்தா இந்த பாவம். இங்கிலீஷும் அத்தே கததான். நீ இல்லியா? கேட்டுல செக்யூரிட்டி முன்னால நின்னா 'சார் சார்'ன்ற. எங்கிட்ட வந்தா கூரைய பிக்கிற மாரி கூவுற. எய்தும்போது ரெண்டும் பீம்ராவுதான்."

என்ன மூளை பாருங்கள் அவளுக்கு! யாரும் சொல்லித்தரவில்லை. அவளே உட்கார்ந்து கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தையை வாயில் சொல்லும்போது கண் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டிருக்கும். நெரிசலில் ஓட்டுகிற நல்ல டிரைவர் அப்படித்தான், முன்னால் போகிற வண்டியைப் பார்க்க மாட்டான், அதற்கும் முன்னால் போவதைப் பார்ப்பான்.

வீட்டில் பழக முடியவில்லை. சத்தம். அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸுக்குப் பின்னால் போய் நின்று படித்து, எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நான் துறைமுக கேட்டுக்கு வெளியே க்யூவில் கிடப்பேன். எங்கள் க்யூவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் நுழைந்தவன் எப்போது வெளியே வருவான் என்பது யாருக்கும் தெரியாது. குளிப்பது, சமைப்பது, சண்டை போடுவது எல்லாம் அதற்குள்தான். நான் அவள் குரலைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்‌ஷனரியை அமுக்கிச் சரிபார்ப்பேன். தப்பு என்றால் போன் போட்டுச் சொல்வேன். வரவரத் தப்பே கிடைக்கவில்லை. தப்பு கிடைக்காதா என்று தேடித்தேடிக் கேட்டேன்.

பின்னால் நிற்கிற வண்டி மஜீதுடையது. தண்டையார்பேட்டைக்காரன், என் தோஸ்து. ஒருநாள் கேபினுக்குள் தலையை விட்டான்.

"இன்னா மாமு, ஏதோ ஃபாரின் பொம்பள கூட பேசிகினு கீற?"

"உன் தங்கச்சிதான்டா."

அவன் வாயைப் பிளந்தான். "மாஷா அல்லா! இத்த குரூப்ல போடு மாமு. நாங்களும் கேக்குறோம். சும்மாதான குந்திகினு கீறோம்."

எங்கள் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேருக்கு டைப் அடிக்க வராது. எல்லாம் குரலில்தான் ஓடும். எந்த கேட்டு திறந்திருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது, எந்தக் கடையில் பிரியாணி தீர்ந்துவிட்டது. அதில் மகிழினியின் இங்கிலீஷும் சேர்ந்தது. முதலில் கிண்டல் பண்ணினார்கள். அப்புறம் அவர்களே சொல்லிப் பார்த்தார்கள். டயர் பஞ்சர் ஆனவனிடம் 'போனது விண்டா, வைண்டா?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். அர்த்தம் தெரியாததை அவளிடமே கேட்பார்கள். அவளும் பொறுமையாக எங்கள் பாஷையில் சொல்லி அனுப்புவாள்.

அந்தக் காகிதத்தின் கடைசி வரி இதுதான்: "ஆல் வெஹிகிள்ஸ் ஸ்டாப். ஸ்விட்ச் ஆஃப் யுவர் என்ஜின்ஸ். வெயிட் ஃபார் த நெக்ஸ்ட் அனௌன்ஸ்மென்ட்." அந்த வரி வந்தால் மஜீது பொத்தென்று என்ஜினை அணைப்பான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். டீசலும் மிச்சமாகிறதே என்று மற்றவர்களும் செய்தார்கள். மத்தியானம் அவள் குரல் வந்ததும் க்யூவில் ஒவ்வொரு வண்டியாக அடங்கும். 'எடுங்கண்ணே' என்று அடுத்த மெசேஜ் வந்தால்தான் மறுபடி உறுமும். புதிதாக வந்த டிரைவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

டெஸ்ட் நாள் வந்தது. தாமஸ் சார் எங்களிடம் முன்னாலேயே சொல்லிவிட்டார். "இது டெஸ்ட்தான். யாரும் கண்டுக்காதீங்க. வேலை ஓடிகிட்டே இருக்கட்டும். அந்தச் சத்தத்துல யார் குரல் தெளிவா கேக்குதுன்னு பாக்கணும்." யார்டு முழுக்க ஸ்பீக்கர் போட்டுவிட்டு அவர் கீழே நடுவில் வந்து நின்றுகொண்டார். நானும் மஜீதும் பெட்டியோடு வரிசையில் இருந்தோம். பெட்டி தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் வண்டியில் வேம்பு அண்ணன். எல்லோரும் எங்கள் குரூப்தான்.

முதலில் இரண்டு பேர் படித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேருமே நன்றாகப் படித்தார்கள். ஒருத்தர் குரல் ரேடியோ மாதிரி இருந்தது. வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாவதாக மகிழினி.

நான் அந்தக் காகிதத்தை மனப்பாடமாக அறிந்தவன். லெட் பேட்டரி, சரி. லீட் வெஹிகிள், சரி. விண்ட் பலமாக அடித்தால் கயிற்றை வைண்ட் பண்ணு. ஒரே வரியில் இரண்டும் வரும், அதைத் தாண்டுவாளா என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாண்டினாள்! கதவை மூடும் இடத்தில் வண்டு ரீங்கரித்தது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினாள், அதையும் முற்றுப்புள்ளியில் வாங்கினாள். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். மார் பூரித்துப்போனது. இறங்கி ஓடி எல்லோரிடமும் 'அவ என் பொண்டாட்டி' என்று கத்த வேண்டும் போலிருந்தது.

கடைசி வரியைப் படித்தாள்.

யார்டு நின்றுவிட்டது.

ஒரு வண்டி, இரண்டு வண்டி இல்லை. மொத்தமும். உறுமிக்கொண்டிருந்தவை எல்லாம் அடங்கின. வேம்பு அண்ணனின் ஸ்டாக்கர், பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றது. அந்த யார்டில் காக்கா கத்துவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

தாமஸ் சார் சுற்றும்முற்றும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ஏய், என்ன ஆச்சு? டெஸ்ட்னுதானே சொன்னேன்! எவன்யா நிறுத்தச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே கண்ட்ரோல் ரூம் படியில் ஏறினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வேலையை நிறுத்தியவள் என்ற பெயர் அவளுக்கு. கோபம் தலைக்கேறியது. கதவைத் திறந்து குதித்து மஜீதின் வண்டிக்கு ஓடினேன்.

"டேய், உன்னாலதான்டா! உன் வெளாட்டாலதான்டா! எவனாவது டெஸ்ட்டுல வண்டிய நிறுத்துவானா?"

மஜீதின் முகம் வெளுத்திருந்தது. "தெரியல மாமு. தங்கச்சி குரல் கேட்டுச்சு, கை தானா சாவிக்கு பூட்ச்சு." அப்புறம் என் பின்னால் பார்த்தான். "உன் வண்டி ஓடிகினு கீதா இன்னா?"

திரும்பிப் பார்த்தேன். என் வண்டியும் அணைந்துதான் கிடந்தது. நான்தான் அணைத்திருக்கிறேன். எப்போது அணைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்கு எமனாக நானே உட்கார்ந்திருக்கிறேனே என்று நடு யார்டில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஸ்பீக்கரில் மகிழினியின் மூச்சு வந்தது. இழுத்து இழுத்து, உள்ளே விசில் அடிக்கிற அந்த மூச்சு. ராத்திரியில் நான் மட்டும் பக்கத்தில் படுத்துக் கேட்கிறது, இப்போது யார்டு முழுக்கக் கேட்டது. ஹெல்மெட் போட்ட ஆட்களெல்லாம் அண்ணாந்து கண்ணாடி ரூமைப் பார்த்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு தாமஸ் சார் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "எல்லாரும் வண்டிய எடுங்க. வேலைய பாருங்க."

யாரும் எடுக்கவில்லை.

"சொல்றேன்ல? எடுங்கய்யா!"

திமிர் இல்லை, சத்தியமாக இல்லை. கட்டு அது. மஜீது கேபினிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டு, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்தினான்.

"சார்! தங்கச்சி நிறுத்துச்சு! தங்கச்சி சொல்லட்டும்!"

கண்ணாடிக்குப் பின்னால் தாமஸ் சார் அப்படியே நின்றார். கால் போன அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். அவருக்குத் தெரியாத கட்டு இல்லை. மைக்கை அவளிடம் நகர்த்துவது கீழிருந்தே தெரிந்தது.

காகிதத்தில் இதற்கு மேல் வரி கிடையாது. எழுதிக் கொடுக்காததை அவள் இங்கிலீஷில் சொல்லிப் பழகியதே இல்லை. மருந்துப் பம்பை இரண்டு தரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

"த டெஸ்ட் இஸ் ஓவர்" என்றாள். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. "ஸ்டாக்கர், ஃபர்ஸ்ட். லோயர் யுவர் லோட். அதர் வெஹிகிள்ஸ், வெயிட்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேம்பு அண்ணே, அந்தரத்துல கீறத மொதல்ல எறக்குங்க. மத்தவங்க அப்டியே இருங்க."

பெட்டி மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னாள். நாலாவது வரிசை முதலில், அப்புறம் மூணாவது, கேட்டுப் பக்கம் கடைசியில். இங்கிலீஷில் ஒருமுறை, நம்ம பாஷையில் ஒருமுறை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கூப்பிட்ட வரிசையில் என்ஜின்கள் உறுமின, ஒரு வண்டி இன்னொன்றை மறிக்கவில்லை.

நான் கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது, போனது. கண்ணில் நீர் நிறைந்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து மஜீது ஹாரன் அடித்தான். "இன்னா மாமு, டியரா டேரா?" என்று கத்தினான்.

மைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாமஸ் சார் அவளிடம் பேசுவது தூரத்திலிருந்து பேசுவது போல் கேட்டது. "வருஷக்கணக்கா இந்த மைக்ல கத்திகிட்டிருக்கோம்மா. அதக் கேட்டு ஒருத்தன் திரும்பிப் பாத்தது கிடையாது." அதற்கு மேல் என்ன பேசினார்களோ, ஸ்பீக்கர் கரகரத்தது.

பிறகு அவள் குரல் வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து 'யோவ்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிடாதவள், யார்டு முழுக்கக் கேட்கும்படி என் பேரைச் சொன்னாள்.

"யோவ் பீம்ராவு. முன்னால கீறவங்க அல்லாரும் பூட்டாங்க, நீ மட்டும் இன்னாத்துக்கு வழிய மறிச்சிகினு கீற? வண்டிய எடு. நாளைக்கும் நான்தான் இங்க குந்திகினு சொல்லப் போறேன்."

நான் சாவியைத் திருப்பினேன்.